தன் கோடியைத் தானே உடுத்தியவர்

முதியோர் இல்லத்தில் ஒருவரைச் சேர்க்க வருகிறவர்கள் என்னிடம் தவறாமல் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. அதை அலுவலக அறைக்குள் கேட்க மாட்டார்கள். வெளியே, தண்ணீர்த் தொட்டி ஓரமாக என்னைத் தள்ளிக்கொண்டு போய், குரலைத் தாழ்த்திக் கேட்பார்கள்.

“பாய், இங்கன வர்றவுக பொதுவா எவ்வளவு காலம் இருப்பாக?”

கேட்கிறவர்கள் கெட்டவர்கள் அல்லர். ஒருவர் வெளிநாடு திரும்ப வேண்டும், ஒருவர் மகள் கல்யாணத்துக்கு நாள் பார்க்க வேண்டும். நான் இந்த இல்லத்தின் நிர்வாகி. உத்தமபாளையத்துக்கும் அனுமந்தன்பட்டிக்கும் நடுவில், திராட்சைப் பந்தல்களை ஒட்டி இருக்கிறது இல்லம். பல வருடங்களாக நான் ஒரே பதிலைத்தான் வைத்திருந்தேன்: “அது ஆளைப் பொறுத்ததுங்க.” அப்படிச் சொல்லிவிட்டுக் குழாயை இறுக மூடுவேன். அந்தக் குழாய் எப்போதும் சொட்டிக்கொண்டிருக்கும்.

நான் சொல்ல வந்த அம்மாவைச் சேர்த்த அன்று அவர் மகன் என்னை அதே தொட்டியோரம் அழைத்துப் போனார். திருப்பூரில் பனியன் கம்பெனி ஒன்றில் சூப்பர்வைசர். தாய் குளியலறையில் விழுந்து இடுப்பு எலும்பு முறிந்து, மதுரையில் அறுவை சிகிச்சை செய்து, வாக்கரோடு நடந்துகொண்டிருந்தார். தனி வீட்டில் விட முடியாது, திருப்பூர் மாடி வீட்டுக்கு ஏற முடியாது. எல்லாம் நியாயமான காரணங்கள். மகன் கேள்வியை முடிக்கும் முன்னால், வாசலில் நின்ற ஆட்டோவுக்குள்ளிருந்து ஒரு குரல் வந்தது.

“ஏலே, அந்தக் கேள்விய எங்கிட்டக் கேளுடா. பாய்க்கு என்ன தெரியும்? நான்தானே இருக்கப் போறவ!”

மகன் முகம் சிவந்துபோனது. நான் குழாயை மூடினேன்.

அன்றிலிருந்து அவரை நான் அறிவேன். அவருடைய பெயரை எழுதப் போவதில்லை. பெயர் சொன்னால் அனுமந்தன்பட்டியில் பாதிப்பேர் “அட, அந்த வாயா?” என்பார்கள். அந்த வாயைப் பற்றித்தான் எழுதப் போகிறேன்.

அவரைப் பற்றி யார் எதைச் சொன்னாலும் அதற்கு அவரிடமிருந்து ஒரு பதில் வந்துவிடும். எதிரில் சொன்னாலும் சரி, சுவருக்கு அந்தப் பக்கம் சொன்னாலும் சரி. பதில் சொல்லாமல் ஒரு வாக்கியத்தை அவர் போக விட்டு நான் பார்த்ததில்லை. சிலசமயம் அது சிரிப்பாக இருக்கும். சிலசமயம், ஒப்புக்கொள்கிறேன், எரிச்சலாக இருக்கும். நான் அவருடைய மருந்து நேரத்தைப் பலகையில் எழுதிக்கொண்டிருக்கும்போது “அந்தக் கடைசி எழுத்துக்குக் கால நீட்டு, பாய்” என்பார். அவருக்குப் படிக்கத் தெரியாது. ஆனால் எழுதுகிறவனைச் சும்மா விடுவது அவருக்கு வழக்கமில்லை.

அவர் இளவயதிலிருந்து ஏலத்தோட்ட வேலைக்குப் போனவர். இந்தப் பக்கத்துப் பெண்கள் விடியற்காலையில் ஜீப்பில் ஏறி, கம்பமெட்டு வழியாகக் கேரளத்து மலைக்குப் போய், சாயங்காலம் திரும்புவார்கள். ஜீப்பில் பின்னால் எத்தனை பேரை அடைக்கலாம் என்பதற்கு எல்லை கிடையாது. முன் சீட் பொதுவாகத் தோட்டத்துக் கணக்குப்பிள்ளைக்கோ டிரைவருக்கு வேண்டியவர்களுக்கோ. இவர் வேலைக்குச் சேர்ந்த சில மாதங்களிலேயே முன் சீட்டில் உட்கார்ந்துகொண்டு, “இறங்கச் சொல்றவன் என்னயத் தூக்கி இறக்கட்டும்” என்றாராம். யாரும் தூக்கவில்லை. அதன்பிறகு முன் சீட் அவருடையதாகிவிட்டது. மழைநாளில் பிள்ளைத்தாச்சிப் பெண் யாராவது வந்தால் மட்டும் இறங்கிப் பின்னால் போவார். “நானா இறங்கறது வேற, பாய். இறக்கிவிடறது வேற.”

இல்லத்திலும் அவர் முதல் வாரமே ஒரு முன் சீட்டைப் பிடித்துவிட்டார். பெண்கள் கூடத்தில் ஜன்னலோரக் கட்டில். அங்கிருந்து பார்த்தால் ரோடு தெரியும், ரோட்டில் போகிற தோட்டத்து ஜீப்புகள் தெரியும். சாயங்காலம் ஒவ்வொரு ஜீப்பாகப் பார்த்து, “இவன் இன்னைக்கு லேட்டு” என்பார்.

கூடத்தில் ஓய்வுபெற்ற டீச்சர் ஒருவர் இருந்தார். மெதுவாக, சோகமாகப் பேசுகிறவர். புதிதாக வருகிறவர்களிடம் அவர் சொல்லும் முதல் பேச்சே, “இங்கன வந்தா வருசம் தாண்டுறது சிரமம்மா” என்பதுதான். இவரிடமும் சொன்னார்.

“டீச்சர், நீங்க வந்து எவ்வளவு காலமாச்சு?”

“ஆச்சு நாலு வருசம்.”

“அப்போ செத்துப்போயா என்கிட்டப் பேசிக்கிட்டு இருக்கீக?”

கூடமே சிரித்தது. டீச்சர் இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள் அவரே தன் பங்கு வாழைப்பழத்தைக் கொண்டுபோய் இவரிடம் கொடுத்தார்.

புதன்கிழமைகளில் ஒரு டாக்டர் வருவார். அவரிடமும் இவர் நேராகக் கேட்டுவிட்டார். “எல்லாரும் பாய்கிட்ட ரகசியமாக் கேக்குறாகல்ல, அத நான் சத்தமாக் கேக்குறேன். எங்கள மாதிரி ஆளுக எவ்வளவு காலம்?”

டாக்டர் நல்ல மனிதர். மழுப்பவில்லை. “வந்த புதுசுலதான்மா ஆபத்து அதிகம். இடம் மாறுறது, மனசு, சாப்பாடு எல்லாம் சேர்ந்துக்கும். ஏற்கெனவே படுத்த படுக்கையா கொண்டுவந்து விட்டவங்க சீக்கிரமா போயிடுறாங்க. அந்த முதல் சில மாசத்தத் தாண்டி, எந்திரிச்சு நடமாடிட்டு இருக்கறவங்க வருஷக்கணக்குல இருக்காங்க. மொத்தமா ஒரு கணக்கு எடுத்து அத ஒரு ஆள் தலையில வைக்க முடியாது.”

“நடந்தா இருக்கலாம்ங்கிறீக.”

“நடக்கிற அளவுக்கு உடம்பு இருந்தா இருக்கலாம்ங்கிறேன்.”

“ரெண்டும் ஒண்ணுதான்” என்றார் இவர். டாக்டர் ஸ்டெதாஸ்கோப்பைச் சுருட்டியபடி என்னைப் பார்த்தார்.

இரண்டும் ஒன்றல்ல என்பதை ஐப்பசி மழையில் வந்த காய்ச்சல் காட்டியது. நெஞ்சில் சளி கட்டி, பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்த் திரும்பியபோது அவரால் எழுந்து உட்கார முடியவில்லை. அப்படிப்பட்டவர்களை எங்கள் இல்லத்தில் பின் அறையில் வைப்போம். சமையலறைக்குப் பின்னால், ஆறு கட்டில்கள். இருபத்துநான்கு மணி நேரமும் ஆள் இருக்கும். நல்ல கவனிப்பு உண்டு. ஆனால் கூடத்தில் இருப்பவர்கள் அந்தப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்கள். பின் அறைக்குப் போனவர் யாரும் கூடத்துக்குத் திரும்பி வந்ததில்லை.

விதி எளிமையானது. தானாக நடந்து சாப்பாட்டுக் கூடத்துக்கு வரக்கூடியவருக்குத்தான் பெண்கள் கூடத்தில் கட்டில். அந்த விதியை எழுதியவன் நான்தான். இப்போது ஜன்னலோரக் கட்டில் காலியாக இருந்தது, சேரப் பெயர் கொடுத்துவிட்டு ஒருவர் காத்திருந்தார். அறக்கட்டளைச் செயலாளர் போன் செய்தார்.

“பாய், அந்தக் கட்டிலை எதுக்கு சும்மா போட்டு வச்சிருக்கீங்க?”

“அந்தம்மா திரும்ப வருவேன்னு சொல்லியிருக்காக.”

“எல்லாரும்தான் சொல்லுவாங்க. ஞாயித்துக்கிழமை வரைக்கும் பாருங்க. திங்கள்கிழமை புது ஆளைச் சேர்த்திருங்க.”

இதைப் பின் அறையில் போய்ச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. சொல்லத் தேவையும் இருக்கவில்லை. அங்கே கவனிப்பு வேலை பார்க்கும் ஸ்டெல்லா அதை முன்பே சொல்லிவிட்டிருந்தாள். ராயப்பன்பட்டிப் பக்கத்துப் பெண், எதையும் மறைக்கத் தெரியாது.

“என் கட்டில்ல ஒருத்தரும் துணி காயப் போடக் கூடாதுன்னு சொல்லு, பாய்” என்றார் அவர். குரல் மூச்சாகத்தான் வந்தது. “திங்கக்கிழமை நான் அங்கன இல்லைன்னா என்னய இறக்கிவிட்டுட்டாகன்னு அர்த்தம்.”

ஸ்டெல்லா தினமும் அவரைக் கட்டில் சட்டத்தைப் பிடிக்க வைத்து நிறுத்தினாள். நிற்பார். கால் நடுங்கும். உட்கார்ந்துவிடுவார். வெள்ளிக்கிழமை வாக்கரைப் பிடித்து அறை வாசல்படி வரை வந்தார். அதற்கு மேல் முடியவில்லை. வாசல்படியைத் திட்டிவிட்டுத் திரும்பிப் படுத்தார்.

இதற்கிடையில் மகன் கவலைப்பட்டு, மலையில் இருக்கும் மாமாவுக்கு, அதாவது இவருடைய தம்பிக்கு, போன் செய்திருக்கிறார். அம்மா ரொம்பவும் தளர்ந்துவிட்டாள், ஒருமுறை வந்து பார்த்துவிட்டுப் போங்கள் என்று சொல்லத்தான். தம்பி இருப்பது ஏலத்தோட்டத்து லயத்தில், தொழிலாளர் குடியிருப்பு வரிசையில். அங்கே சிக்னல் கிடையாது. சனிக்கிழமை விடிகாலை மேட்டுக்கு ஏறியவர் போனைப் பார்த்தால், வருடத்தில் ஒருமுறைகூடக் கூப்பிடாத அக்கா மகனிடமிருந்து வரிசையாகத் தவறிய அழைப்புகள். திருப்பிக் கூப்பிட்டிருக்கிறார். மகன் அப்போது நைட் ஷிப்ட் முடிந்து பஸ்ஸில் தூங்கிக்கொண்டிருந்தார். எடுக்கவில்லை.

அதற்கு மேல் அவர் யாரிடமும் விசாரிக்கவில்லை. விசாரிக்கக் கூடாது என்றார் பிறகு. “அக்கா செத்துருச்சான்னு வாயால எப்படிக் கேக்குறது பாய்?”

இங்கே ஒரு வழக்கத்தைச் சொல்ல வேண்டும். எங்கள் வீடுகளில் இறந்தவருக்குச் சுற்றும் கஃபன் துணியை யார் வாங்கினாலும் ஒன்றுதான். இவர்களிடம் அப்படி இல்லை. ஒரு பெண் இறந்தால் அவளுடைய பிறந்த வீட்டிலிருந்து புதுச்சேலை வர வேண்டும். அதற்குப் பெயர் கோடி. தம்பியோ அண்ணனோ அதைத் தட்டில் வைத்து எடுத்துவர வேண்டும். கூடவே, கடைசிக் குளிப்பாட்டலுக்கு எண்ணெயும் சீயக்காயும். கோடி வராமல் உடலை எடுக்க மாட்டார்கள். தாமதமாக வந்தால் அந்தத் தம்பியின் பேர் ஊரில் கெட்டுப்போகும். அதனால் அவர் தன் மனைவியையும் லயத்துப் பெண்கள் நாலைந்து பேரையும் ஜீப்பில் ஏற்றிக்கொண்டு இறங்கினார். கம்பம் டவுனில் ஒரு ஜவுளிக்கடைக்காரரை வீட்டுக்கே போய் எழுப்பிச் சேலை எடுத்தார்.

நான் சாப்பாட்டுக் கூடத்தில் இட்லிப் பாத்திரங்களைச் சரிபார்த்துக்கொண்டிருந்தேன். வாசலில் ஜீப் நிற்கும் சத்தம். அதை அடுத்து, எங்கள் இல்லத்தில் நான் அதுவரை கேட்டிராத ஒரு சத்தம். பெண்கள் ஜீப்பை விட்டு இறங்கும்போதே முடியை அவிழ்த்துவிட்டு ஒப்பாரியைத் தொடங்கிவிட்டார்கள். முதல் வரியை எடுத்துப் பாடியவர் தம்பி மனைவி.

நான் ஓடினேன். “அம்மா, நிப்பாட்டுங்க, நிப்பாட்டுங்க” என்றேன். ஒப்பாரிக்கு நடுவில் ஒரு ஆண் சொல்வது யார் காதில் விழும்? தம்பி கையில் தாம்பாளத்தோடு நின்றார். மரூன் நிறப் பட்டுச் சேலை, மாலை, எண்ணெய்க் கிண்ணம், சீயக்காய்ப் பொட்டலம். அவர் கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. கூடத்துப் பெண்கள் பயந்து போய் ஜன்னலில் கூடிவிட்டார்கள். டீச்சர் அழவே தொடங்கிவிட்டார். தனக்கு மட்டும் யாரும் சொல்லவில்லையே என்று.

தம்பி மனைவி பாடினார்:

“வெள்ளித் தட்டுலதான் வெஞ்சனம் நான் வச்சேனே
வேணான்னு சொல்லாம தின்ன என் மதினியே…”

“எப்போடி வச்ச?”

பாட்டு அறுந்தது. எல்லோரும் திரும்பினோம்.

சமையலறை ஓரத்து நடையில் அவர் நின்றிருந்தார். வாக்கரின் இரண்டு பக்கத்தையும் இறுகப் பிடித்திருந்தார். பின்னால் ஸ்டெல்லா கைகளை விரித்துக்கொண்டு, ஆனால் தொடாமல் வந்தாள். தொட்டால் கடித்துவிடுவேன் என்று சொல்லியிருந்தாராம்.

“எப்போடி வெள்ளித் தட்டுல வச்ச? ஈயத் தட்டுலகூட நீ எனக்கு வெஞ்சனம் வச்சதில்லயே! கேட்டு வாங்கித்தானே தின்னேன்!”

தம்பி மனைவி வாயைப் பொத்திக்கொண்டார். லயத்துப் பெண்களில் ஒருத்தி “மாதாவே!” என்று ஜீப்புக்குப் பின்னால் ஓடினாள். தம்பி தாம்பாளத்தோடு அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டார்.

“அக்கா… நீ… மாப்ள போன் பண்ணியிருந்தான்…”

“போன் பண்ணினா செத்துப்போறதா? அப்படின்னா நாட்டுல ஒருத்தரும் மிஞ்ச மாட்டாகளே.” அவர் மூச்சு வாங்கினார். நாற்காலி கொண்டுவரச் சொன்னேன். உட்கார மறுத்தார். “ஏன் நிப்பாட்டிட்ட? பாடுத்தா. என்னயப் பத்தி நல்லதா நாலு வார்த்தை சொல்றத இன்னைக்குத்தான் கேக்குறேன். எது பொய்யோ அத நான் சொல்றேன்.”

முதலில் சிரித்தது டீச்சர்தான். அழுத முகத்தோடு சிரித்தார். அப்புறம் கூடமே சிரித்தது.

சிரிப்பு அடங்கிய பிறகுதான் தாம்பாளத்தின் பிரச்சினை வந்தது. கொண்டுவந்த கோடியை வீட்டுக்குத் திருப்பி எடுத்துப் போகக் கூடாதாம். கடையில் திருப்பிக் கொடுப்பதும் ஆகாது. தம்பி மனைவி அதைத் தொடவே பயந்தார். “ஆத்துல விட்டுருவோம்ங்க” என்றார் மெதுவாக.

“எனக்குத்தானே கொண்டாந்த?” என்றார் இவர்.

“ஆமா மதினி, ஆனா…”

“அப்பக் குடு.”

“மதினி, அது வந்து… அதுக்காகக் கொண்டாந்தது.”

“எதுக்காகக் கொண்டாந்தாலும் சேலை சேலைதான். என் தம்பி எனக்குச் சேலை எடுத்து எத்தனை காலமாச்சு! மரூன் கலர் எனக்கு எடுப்பா இருக்காது, ஆனாலும் பரவாயில்ல. எண்ணெயும் சீயக்காயும் எதுக்குக் கொண்டாந்தீக?”

தம்பி தாம்பாளத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

“காய்ச்சல் வந்ததுல இருந்து தலைக்கு ஊத்தல. தலையெல்லாம் பிசுக்கு. கொண்டாந்தவுகளே ஊத்திவிடுங்க.”

அப்படித்தான் நடந்தது. பிணத்துக்கு என்று கொண்டுவந்த எண்ணெயையும் சீயக்காயையும் வைத்துத் தம்பி மனைவி அவருக்கு வெந்நீரில் தலை குளிப்பாட்டிவிட்டார். குளியலறைக்குள்ளிருந்து, “நல்லாத் தேயி, சாவு வீட்டுக்கு வந்தவ மாதிரியா தேய்க்கிறது?” என்ற குரல் வெளியே கேட்டது. மாலை மட்டும் மிச்சம். அதை ஜீப்பின் முன்பக்கத்தில் கட்டச் சொன்னார். டிரைவர் கட்டினார், என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினார்.

ஈரத்தலையோடு, மரூன் பட்டுச் சேலையோடு, வாக்கரை ஊன்றிச் சாப்பாட்டுக் கூடத்துக்கு அவரே நடந்து வந்தார். நான் இட்லித் தட்டை வைத்தேன். தொட்டுக்கொள்ள வெஞ்சனத்தை அவர் கேட்டு வாங்கினார். பிறகு நடந்து போய் ஜன்னலோரக் கட்டிலில் படுத்து, சாயங்கால ஜீப்புகள் திரும்பும் வரை தூங்கினார்.

மதியம் மகன் திருப்பூரிலிருந்து வந்து சேர்ந்தார். கட்டிலில் தூங்கும் அம்மாவைக் கோடிச் சேலையில் பார்த்ததும் கூடத்து வாசலிலேயே உட்கார்ந்து அழுதார். செயலாளருக்கு நான் போன் செய்தேன். “ஜன்னலோரக் கட்டிலில் ஆள் இருக்கிறார்” என்றேன். யார் என்று கேட்டார். சொன்னேன். பின் அறை பற்றிய விதியில் அன்று ஒரு வரி சேர்த்தேன்: அங்கிருந்து திரும்பும் வரை ஒருவருடைய கட்டிலை யாருக்கும் கொடுக்கக் கூடாது. செயலாளர் கையெழுத்துப் போட மறுக்கவில்லை. அதற்குப் பிறகு பின் அறையிலிருந்து வேறு சிலரும் கூடத்துக்குத் திரும்பினார்கள். எல்லாரும் அல்லர். ஆனால் டீச்சர் தன் பழைய வாக்கியத்தைப் புதியவர்களிடம் சொல்வதை நிறுத்திவிட்டார்.

சித்திரையில் வீரபாண்டித் திருவிழாவுக்குத் தம்பி ஜீப் கொண்டுவந்தார். இவர் அந்தச் சேலையைத்தான் கட்டினார். சாவுக்கு வந்த துணியோடு கௌமாரியம்மன் வாசலுக்குப் போகலாமா என்று தம்பி மனைவி தயங்கினார். “அம்மன் கேட்டா நான் பதில் சொல்லிக்கிறேன்” என்று சொல்லி முன் சீட்டில் ஏறிக்கொண்டார்.

அதன்பிறகு அந்தச் சேலை எத்தனையோ தடவை துவைத்து வெளுத்துப்போனது. கரை நைந்தது. முந்தானையைக் கிழித்து டீச்சருக்குத் தலையணை உறை தைக்க வைத்தார். மிச்சம் ஸ்டெல்லாவின் பிள்ளைக்குத் தொட்டிலாகப் போனது. கோடிச் சேலையில் தொட்டிலா என்று யாரோ கேட்டதற்கு, “அது கோடியாகவே ஆகலயே. நான்தான் விடலயே” என்றார்.

அவர் எவ்வளவு காலம் இருந்தார் என்று கேட்பீர்கள். நான் ஒவ்வொரு நாளையும் எழுதி வைக்கிறவன், எனக்குத் தெரியும். சொல்ல மாட்டேன். சொன்னால் அதை எடுத்து இன்னொருவர் தலையில் வைப்பீர்கள். அந்தச் சேலையை விட நீண்ட காலம் இருந்தார். அது போதும்.

போனது தூக்கத்தில், ஒரு பகல் நேரத் தூக்கத்தில். டாக்டர் வந்து பார்த்துவிட்டுப் போன பிறகு நான் தம்பிக்குப் போன் செய்தேன். இப்போது அவர் லயத்தைவிட்டு, சிக்னல் இருக்கும் இடத்தில் குடியிருக்கிறார்.

“பாய், நல்லாப் பாத்தீகளா?”

“டாக்டரே பாத்துட்டாருங்க.”

“டாக்டர விடுங்க. நீங்க போய் ஏதாவது தப்பாச் சொல்லிப் பாருங்க. அக்காவப் பத்தி.”

நான் போனைக் கையில் வைத்தபடியே கூடத்துக்குப் போனேன். ஜன்னலோரக் கட்டில் பக்கத்தில் நின்று, எல்லோரும் கேட்கச் சொன்னேன்: “இவுக முன் சீட்டுல உக்காந்ததே இல்லயாம்.” டீச்சர் தலையணையிலிருந்து தலையைத் தூக்கிப் பார்த்தார். வெளியே ரோட்டில் ஒரு ஜீப் போனது.

“பதில் இல்லைங்க” என்றேன் போனில்.

“அப்பச் சரி. கிளம்புறேன்.”

சாயங்காலம் கோடி வந்தது. இந்தத் தடவை பச்சை நிறம். ஜீப்பை விட்டு இறங்கிய தம்பி மனைவி உடனே பாடவில்லை. கட்டிலருகில் வந்து, நின்று, தொண்டையைச் செருமிக்கொண்டு, பழைய பாட்டைத் திருத்திப் பாடினார்:

“வெள்ளித் தட்டும் வைக்கலயே, வெஞ்சனமும் வைக்கலயே,
கேட்டு வாங்கித் தின்னவளே, கேக்காமப் போனவளே…”

அந்த வரி முடிந்ததும் அவர் நிறுத்தினார். கூடத்தில் இருந்த எல்லோருமே, நான் உட்பட, கட்டிலைப் பார்த்தோம். கொஞ்ச நேரம் இடம் விட்டுக் காத்திருந்தோம். பிறகுதான் அடுத்த வரி வந்தது.

மறுநாள் ஒரு குடும்பம் தங்கள் தகப்பனாரைச் சேர்க்க வந்தது. மருமகன் என்னைத் தண்ணீர்த் தொட்டியோரம் தள்ளிக்கொண்டு போனார். குரலைத் தாழ்த்தினார். அவர் கேள்வியை முடிக்கும் வரை காத்திருந்தேன். குழாயை மூடவில்லை.

“வாங்க, உள்ள போவோம்” என்றேன். “அவர்கிட்டயே கேளுங்க.”